கலாவரையும் கிளாவரும்: சொற்களின் பிறப்பைத் தேடிய நல்லூர் சுவாமியார்

பள்ளிமுனையில் கடலுக்குப் போக முடியாத நாள்களில் கடதாசிக் கூட்டம் கூடும். வலை பொத்தி முடித்த வாடிக்குள் ஓர் உரப்பையை விரித்து நான்கு பேர் குந்துவார்கள். அவர்களுக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்று வழி சொல்வார்கள். விளையாட்டு 304. எங்கள் பக்கத்தில் கடதாசி என்றாலே அதுதான்.

கடற்றொழிலாளர் பற்றிய ஒரு செய்திக்காக அங்கே போயிருந்த நான், காற்று அடங்கும் வரைக்கும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். ஓர் இளைஞன் கடதாசியை ஓங்கி அடித்து, கிளாவர் என்றான். எதிரே இருந்த வயதானவர் கையை நிறுத்தினார். அது கலாவரை, கிளாவர் இல்லை, இந்தியாக் கதையை இந்தியாவில் வைத்துக்கொள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தச் சண்டை எங்கள் வீட்டுச் சண்டை.

1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபோது எனக்கு மூன்று வயது. மன்னார்த் தீவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் படகேறி இராமேஸ்வரம் போனார்கள். நாங்களும் போனோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். ஆனால் அந்தத் தூரத்தைத் திரும்பிக் கடக்க எங்களுக்கு 13 ஆண்டுகள் பிடித்தன. மண்டபம் முகாமில் வளர்ந்தேன், தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தேன். அங்கே சீட்டு என்றார்கள், நானும் சீட்டு என்றேன். அங்கே இஸ்பேட், ஆட்டின், கிளாவர், டைமன். அப்பாவின் வாயில் இஸ்கோப்பன், ஆடுத்தன், கலாவரை, உறுவித்தன். முகாமின் வரிசை வீடுகளுக்கு முன்னால் அவர் தன்னைப் போல வந்தவர்களுடன் 304 விளையாடுவார். பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகிய நான் கிளாவர் என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மாறும். நாக்கைத் தொலைத்துவிட்டாய் என்பார். வீட்டை விட்டு வந்தோம், வள்ளத்தை விட்டு வந்தோம், பேச்சையும் விட்டுவிடாதே என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. அப்போது அது எனக்கு விளங்கவில்லை. திட்டு மட்டும்தான் விளங்கியது.

2003இல் திரும்பி வந்தோம். முகாமில் சிலோன்காரி என்று அழைக்கப்பட்ட நான், மன்னாரில் இந்தியாக்காரி ஆனேன். அப்பா 2016இல் போய்விட்டார். கடைசி வரைக்கும் நான் சொன்னது அவருக்குப் பிழையான சொல்லாகத்தான் இருந்தது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியபோதுதான் ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் போய் விழுந்தேன். அவர் சூதாடியல்ல. குருவானவர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். பெயரை எல்லோரும் அறிவோம். பாடசாலையில் ஒரு பந்தியாகப் படித்திருப்போம். அந்தப் பந்திக்கு அப்பால் நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மானிப்பாயிலிருந்து அச்சுவேலிக்கு

அவர் பிறந்தது 1875 ஆகஸ்ட் 30இல், மானிப்பாயில். குடும்பம் சைவக் குடும்பம். வைத்த பெயர் வைத்திலிங்கம். தந்தை சுவாமிநாதபிள்ளை, தாய் தங்கமுத்து. பையனுக்கு ஐந்து வயதளவில் தந்தை இறந்துபோனார். பின்னர் தாய், அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளை என்ற கத்தோலிக்கரை மறுமணம் செய்தார். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஒரு விதவைத் தாய் மறுமணம் செய்வதும், சமயம் மாறுவதும் எவ்வளவு பேச்சைக் கிளப்பியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். சின்ன வயதிலேயே அந்தப் பையனுக்கு ஊர், வீடு, சமயம், பெயர் நான்கும் மாறின. வைத்திலிங்கம் ஞானப்பிரகாசர் ஆனார்.

ஆனால் அந்த மாற்றம் அவருக்கு ஓர் அச்சுக்கூடத்தைக் கொடுத்தது. சிறிய தகப்பனார் தம்பிமுத்துப்பிள்ளை தமிழ் படித்தவர், அச்சகம் நடத்தியவர், நூல்களும் பத்திரிகையும் வெளியிட்டவர். ஈய எழுத்துகளைக் கோத்து ஒரு சொல் உருவாவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் அதே சொல்லைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வாளராக ஆனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அச்சுவேலியிலும் பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். 1893இல் றெயில்வே எழுதுவினைஞர் பரீட்சை எழுதித் தேறி வேலையில் சேர்ந்தார். அப்போது வடக்குக்கு ரயில் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதை முழுமையாக வந்தது 1905இல், தலைமன்னாருக்கு 1914இல். எனவே றெயில்வே உத்தியோகம் என்றால் தெற்குத்தான். சிங்களமும் ஆங்கிலமும் காதில் விழும் ஓரிடத்தில் ஒரு தமிழ் இளைஞன் போய் இறங்கினான்.

அரசாங்க உத்தியோகம் என்பது அன்றைய யாழ்ப்பாணக் குடும்பங்களின் பெரிய கனவு. கையில் கிடைத்த அந்த உத்தியோகத்தை இரண்டு ஆண்டுகளில் விட்டுவிட்டு 1895இல் குருமடத்தில் சேர்ந்தார். 1901 டிசம்பர் 1இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவருடைய பணியின் பெரும்பகுதி நல்லூரில் கழிந்தது. அதனாலேயே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் என்ற பெயர் நிலைத்தது. போர்த்துக்கேயருக்குப் பசுக் கொடுக்க மறுத்து இந்தியாவுக்குப் போனதாகச் சொல்லப்படும் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் வேறொருவர். பலரும் இருவரையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

வரலாறும் சொல்லும்

நல்லூரில் இருந்துகொண்டு அவர் இரண்டு வேலைகளைச் செய்தார். ஒன்று வரலாறு. போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாண அரசர்கள் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1920இல் வந்தது. இலங்கைக் கத்தோலிக்க திருச்சபை வரலாறு 1924இல் வந்தது. யாழ்ப்பாண வைபவமாலையைச் சான்றுகளோடு உரசிப் பார்த்த 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928இல் வந்தது. ஊர்ப் பெருமைக்காக எழுதப்பட்ட கதைகளையும் ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நிற்கும், எது நிற்காது என்று பார்த்தவர்களில் அவர் முன்னோடி.

மன்னார் ஆள்களுக்கு அந்த வரலாறு வெறும் புத்தகமல்ல. 1544இல் மன்னாரில் கிறிஸ்தவத்தைத் தழுவிய நூற்றுக்கணக்கானவர்கள் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஒவ்வொரு படையும் எங்கள் கரையில் இறங்கிப் போனது. போகும்போது முத்தையும் யானையையும் கொண்டுபோனது. விட்டுப் போனவை கோட்டைகளும் சொற்களும்.

இரண்டாவது வேலை அந்தச் சொற்கள். அவருக்கு 72 மொழிகள் தெரியும் என்று சொல்வார்கள். ஒரு மொழியைத் தெரிவது என்றால் என்ன என்பதைப் பொறுத்தது அந்தக் கணக்கு. ஆனால் தமிழோடு சிங்களம், வடமொழி, இலத்தீன், ஐரோப்பிய மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு ஆராயும் அளவுக்கு அவர் கற்றிருந்தார் என்பதில் ஐயமில்லை. 'தமிழ்ச் சொற்பிறப்பாராய்ச்சி' 1932இல் வெளிவந்தது. வாழ்நாள் வேலையான சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி 1938 முதல் பகுதி பகுதியாக வரத் தொடங்கியது. ஒரு சொல்லை எடுத்து, அதன் வேரைக் கண்டு, அந்த வேரிலிருந்து கிளைத்த மற்றச் சொற்களைக் குடும்பமாக நிறுத்துவது அவர் முறை.

அவரைத் தூக்கிப் பிடிப்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. தமிழ் வேர்கள் ஐரோப்பிய மொழிகளுக்கும் அடியில் இருக்கின்றன என்று அவர் நம்பினார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. சைவ அறிஞர்களோடு கடுமையான சமய வாதங்களில் இறங்கினார், அந்த எழுத்துகளில் சில இன்றும் வாசிப்பவர்களை நோகடிக்கும். வேரைத் தேடுபவருக்கு எல்லா மரமும் தன் வளவு மரமாகத் தெரிவது ஓர் ஆபத்து. அந்த ஆபத்து அவருக்கும் இருந்தது.

ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய முடிவுகளை அல்ல, பழக்கத்தை. ஒரு சொல்லைக் கேட்டவுடன் அது நல்லதா கெட்டதா, எங்களுடையதா அந்நியமா என்று தீர்ப்புச் சொல்லாமல், எங்கிருந்து வந்தாய் என்று முதலில் கேட்கும் பழக்கம்.

கடதாசிச் சொற்கள் வந்த வழி

அந்தக் கேள்வியை நான் வாடிக்குள் இருந்த அந்த உரப்பையிடம் கொண்டு போனேன்.

ஒல்லாந்த மொழியில் கடதாசியின் நான்கு இனங்களுக்குப் பெயர் ஸ்கோப்பன், ஹார்ட்டன், ரவ்த்தன், கிளாவர். அப்பாவின் நான்கு சொற்களை இவற்றுக்கு அருகில் வையுங்கள். இஸ்கோப்பன், ஆடுத்தன், உறுவித்தன், கலாவரை. தமிழ் நாக்குக்கு ஸ் என்று சொல்லைத் தொடங்க வராது, முன்னால் ஓர் இகரம் வந்தது. ரகரத்தில் தொடங்க வராது, முன்னால் ஓர் உகரம் வந்தது. ஹகரம் உதிர்ந்தது. கிள என்று சேர்ந்து வந்த மெய்களுக்கு நடுவில் ஓர் அகரம் புகுந்தது. சிங்களத்திலும் இதே நான்கும் இருக்கின்றன: இஸ்கோப்ப, ஹாரத, ருயித்த, கலாபர. யுத்தத்தின் இரு பக்கத்திலும் காவலரண்களில் இருந்தவர்கள் ஓய்வு நேரத்தில் ஒரே ஒல்லாந்தப் பெயர்களால்தான் கடதாசி அடித்திருப்பார்கள்.

சொல் மட்டுமல்ல, விளையாட்டும் அந்த வழிதான் வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து. 304இல் 32 கடதாசிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. பெயர் வந்த கணக்கு அதுதான். ராசாவுக்கு 3 கொடுத்து, ஜாக்குக்கு 30 கொடுக்கும் இந்த விசித்திரம் ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் விளையாட்டில் துரும்பு இனத்துக்கு இருக்கிறது. அங்கே துரும்பு ஜாக்குக்கு 20, துரும்பு ஒன்பதுக்கு 14. ஒல்லாந்தர் ஜாக்கை அழைக்கும் பெயருக்குப் பொருள் கமக்காரன். கமக்காரன் ராசாவை வெட்டுகிற விளையாட்டு அது.

சுவிற்சர்லாந்தில் இருக்கும் எங்கள் ஆள்களுக்கு இது இன்னும் கிட்டத்தில் தெரியும். அந்த நாட்டவர் தேசிய விளையாட்டுப் போல ஆடும் யாஸ் இதே குடும்பம்தான். 1796இல் ஷாஃப்ஹவுசனில் அதைப் பற்றிய பதிவு இருக்கிறது. ஒல்லாந்தில் கூலிப்படையாகப் போய்த் திரும்பிய சுவிஸ் சிப்பாய்கள் கொண்டுவந்தார்கள் என்பார்கள். ஒரு கிளை படைவீரனோடு மலைக்குப் போனது, இன்னொரு கிளை கப்பலோடு எங்கள் கரைக்கு வந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அகதியாகப் போன தமிழர் ஒருவர் சுவிஸ் அயலவரின் மேசையில் ஜாக்கும் ஒன்பதும் பெரிதாக இருப்பதைப் பார்த்தால், அது இரண்டு கிளைகளும் மறுபடி சந்திக்கும் இடம்.

கடதாசி என்ற சொல்லே போர்த்துக்கேயம் வழியாக வந்தது என்கின்றன அகராதிகள். மேசை, அலுமாரி, யன்னல், சாவி எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவை. பள்ளிமுனைக் கரையில் மீன் வந்து இறங்கியதும் கூவப்படும் ஏலமும் அப்படித்தான். ஒல்லாந்தர் கந்தோரைக் கொடுத்தார்கள், கக்கூசையும் கொடுத்தார்கள். துரும்பு என்ற சொல்லைப் பாருங்கள். போர்த்துக்கேயத்தில் துரும்புக்குத் துருன்ஃபோ, ஒல்லாந்தத்தில் துரூஃப். தமிழில் அது துருப்பு என்றும் துரும்பு என்றும் ஆனது. எங்களிடம் ஏற்கெனவே துரும்பு என்றொரு சொல் இருந்தது, ஒன்றுக்கும் உதவாத சிறு குச்சிக்கு. வந்த சொல் அந்தச் சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. இன்று பத்திரிகைக்காரர்கள் ஒரு கட்சியின் துருப்புச் சீட்டு என்று எழுதும்போது அதை அந்நியச் சொல்லென்று யாரும் திருத்துவதில்லை.

போக்கர் மேசையும் இதே கதைதான்

கடதாசிச் சொற்கள் இப்படி அலைவது எங்களிடம் மட்டுமல்ல. உலகம் முழுவதும் இன்று ஆடப்படும் போக்கர் விளையாட்டின் பெயரே பிரெஞ்சுக்காரரின் போக், ஜெர்மானியரின் போஹன் ஆகிய பழைய விளையாட்டுகளோடு தொடர்புபடுத்தப்படுகிறது. நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்தில் உருவெடுத்து, மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் மேலே போனது. பிறகு 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் இரு பக்கச் சிப்பாய்களும் ஆடி, பிழைத்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். யார் பகிர வேண்டும் என்று காட்ட மேசையில் வைத்த அடையாளப் பொருளுக்கு 'பக்' என்று பெயர். அதைக் கைமாற்றுவது, பொறுப்பை அடுத்தவர் தலையில் தள்ளுவதற்கான சொல்லாக அரசியலுக்குள் போனது. இனி யாருக்கும் தள்ள முடியாது, பொறுப்பு என்னுடையது என்ற பொருளில் ஒரு பலகையை அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தன் மேசையில் வைத்திருந்தார். எங்கள் நாட்டு மேசைகளில் அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததில்லை.

1876 ஆகஸ்ட் 2இல் டெட்வுட் என்ற ஊரில் வைல்ட் பில் ஹிக்கொக் என்ற துப்பாக்கி வீரர் போக்கர் ஆடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்தார். மானிப்பாயில் வைத்திலிங்கத்துக்கு அப்போது ஒரு வயது நிறைய இன்னும் நான்கு கிழமை இருந்தது. ஹிக்கொக்கின் கையில் ஆசும் எட்டும் இரண்டிரண்டாக இருந்ததாகச் சொல்லி, அந்தச் சேர்க்கைக்குச் செத்தவன் கை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1920களில் வந்த ஒரு நூலுக்குப் பிறகுதான். கதை முதலில், சான்று பிறகு. 'வைபவ விமர்சனம்' எழுதிய சுவாமியாருக்கு இந்த வகை மிகவும் பழக்கமானது.

ஒரு சூதாட்டச் சொல் இவ்வளவு தூரம் போவது ஏன்? நான் கவனித்த அளவில் காரணம் எளிது. கடதாசியை யாரும் புத்தகத்தில் படிப்பதில்லை. தோற்றுத்தான் படிக்கிறார்கள். விதியைச் சொல்லித் தருபவர் தன் சொல்லில்தான் சொல்லித் தருவார். விதியும் சொல்லும் ஒன்றாகவே கைமாறும். விளையாட்டு வேகமானது, மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. விளையாடுபவர்களோ காத்திருக்கும் மனிதர்கள். சிப்பாய், கப்பல்காரன், அகதி. முகாம் என்பது காத்திருப்பவர்களின் ஊர். மண்டபத்தில், மடுவில், பின்னாள்களில் மெனிக் பாமில், நிவாரண வரிசைக்கும் இரவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எத்தனை ஊர்ச் சொற்கள் ஒரே கட்டில் கலந்திருக்கும். இன்று பள்ளிமுனைப் பையன்கள் கைத்தொலைபேசியில் போக்கர் ஆடி, எல்லாவற்றையும் வைத்து ஆடுவதற்கு ஆல் இன் என்கிறார்கள். அந்தச் சொல்லோடு அந்தப் பழக்கமும் சேர்ந்துதான் வருகிறது. வாடிக்குள் தோற்றவர் அடுத்த சுற்றில் கடதாசி பகிர்ந்தால் போதும். தொலைபேசியில் தோற்றவர் வலை வாங்க வைத்திருந்த காசைத் தோற்கிறார். சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு, எதைக் கொண்டுவந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

முடியாத அகராதி

சுவாமி ஞானப்பிரகாசர் 1947 ஜனவரி 22இல் இறந்தார். அகராதி முடியவில்லை. வெளிவந்தவை சில பகுதிகள் மட்டுமே. சொற்பிறப்பு ஆய்வில் அவர் வழியைத் தொடர்ந்தவர்களில் ஒருவர் தாவீது அடிகள். அவரும் பன்மொழி அறிஞர், அவரும் கத்தோலிக்கக் குரு. 1981 மே 31 இரவு தொடங்கி யூன் 1 வரை யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாகின. பத்திரிசியார் கல்லூரியின் மேல்மாடியில் நின்று அந்தத் தீயைப் பார்த்த தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்விட்டார். குரு அகராதியை முடிக்காமல் போனார். அதைத் தொடர வந்தவர், நூல்கள் எரிவதைப் பார்த்துப் போனார். ஒரு மொழியின் ஆவணம் இரண்டு மனிதரின் ஆயுளில் எவ்வளவு தங்கியிருந்தது என்பதை நினைக்கும்போது பயமாக இருக்கிறது.

கடற்படை வசம் போன தங்கள் வீட்டுக் காணிகளைக் கேட்டுப் பள்ளிமுனை ஆள்கள் வீதிக்கு வந்ததை நான் செய்தியாக்கியிருக்கிறேன். உறுதி இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்பார்கள். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். காணிப் பதிவேட்டுக்கு நாங்கள் சொல்லும் தோம்பு என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுப்போனதுதான். எங்கள் நிலத்தை எங்களுடையது என்று நிரூபிக்கக்கூட வந்தவன் கொடுத்த சொல்லைத்தான் பிடித்திருக்கிறோம். அது வெட்கப்பட வேண்டிய விசயமென்று நான் இப்போது நினைப்பதில்லை. நானூறு ஆண்டு புழங்கிய சொல் புழங்கியவருக்கே சொந்தம்.

பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. அதன் அடிமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர் என்று அங்குள்ள பலகை சொல்கிறது. ஆபிரிக்க மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்பார்கள். அதைப் பார்க்க வருபவர்களுக்கு வழி சொல்லும் ஊரவர் யாரும் அதை ஆபிரிக்க மரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்கட பெருக்கமரம் என்றுதான் சொல்வார்கள்.

இனி அந்த வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். கலாவரை என்ற சொல் ஒல்லாந்தரின் கிளாவர். அது எங்கள் பக்கத்தில் அகரத்தைச் சேர்த்துக்கொண்டு கலாவரை ஆனது. சரி, தமிழ்நாட்டில் நான் படித்த கிளாவர்? ஆங்கிலேயரின் சொல் கிளப். கிளாவர் அங்கிருந்து வர முடியாது. பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒல்லாந்தர் கோட்டை கட்டினார்கள். மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த அதே 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். அதே கம்பனி, அதே கப்பல்கள், அதே கடதாசிக் கட்டு. இஸ்பேட்டும் டைமனும் பிறகு ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தன. கிளாவர் மட்டும் ஒல்லாந்தத்திலேயே நின்றுவிட்டது.

அப்பாவின் சொல்லும் என் சொல்லும் ஒரே சொல். பாக்குநீரிணையின் இரண்டு கரையிலும் ஒரே ஆண்டில் இறங்கி, இரண்டு விதமாக வளர்ந்த ஒரே சொல். நாக்கைத் தொலைத்துவிட்டாய் என்று அவர் கோபப்பட்டபோது, நான் பிடித்திருந்தது அவருடைய சொல்லின் மறு கையைத்தான். இது தெரியாமலே நாங்கள் 13 ஆண்டு முகாமிலும் 13 ஆண்டு ஊரிலும் சண்டை பிடித்தோம். இதைச் சொல்ல இப்போது அவர் இல்லை.

அந்த வாடிக்கு மறுபடியும் போனேன். கடதாசியை நிறுத்திய பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, அப்படியென்றால் அந்தப் பெடியனும் எங்கட ஆள்தானே என்றார். எங்கட ஆள்தான் ஐயா என்றேன். அவர் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார். கடதாசியைக் கலைத்துப் பகிர்ந்தார். முதல் சுற்றில் அவன் கிளாவர் என்றான். பெரியவர் அதைத் துரும்பால் வெட்டினார். சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.